கத்தி வைப்பதற்கு முன்பே நுழையும் தவறு

கேள்வி: வலது முழங்காலில் செய்ய வேண்டிய ஆபரேஷனை இடது முழங்காலில் செய்துவிட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. இத்தனை பேர் படித்தவர்கள் ஒரே அறையில் இருக்கும்போது இது எப்படி நடக்கிறது? மார்க்கரால் குறி போட்டுவிட்டால் போதாதா? நடந்துவிட்டால் அது சட்டப்படி அலட்சியமா, நோயாளி என்ன செய்ய வேண்டும்?

பதில்:

பக்கம் மாறுவது ஆபரேஷன் தியேட்டரில்தான் தெரியவருகிறது. ஆனால் அந்தத் தவறு பிறப்பது பல நேரம் அதற்குச் சில நாட்கள் முன்பு, ஏதோ ஒரு காகிதத்தில். இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வழி கிடைத்துவிடும்.

ஒரு நோயாளியின் "வலது முழங்கால்" எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். மருத்துவர் புறநோயாளிப் பிரிவில் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார். அதைப் பார்த்து யாரோ ஒருவர் தொலைபேசியிலோ கணினியிலோ ஆபரேஷனுக்குத் தேதி பதிகிறார். அந்தப் பதிவிலிருந்து அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் தயாராகிறது. ஒப்புதல் படிவத்தைப் பெரும்பாலும் வேறொரு இளைய மருத்துவர் நிரப்புகிறார். லிஸ்டைப் பார்த்து நர்ஸ் கருவிகளை எடுத்துவைக்கிறார், உதவியாளர் காலைச் சுத்தம் செய்கிறார், மயக்க மருந்து நிபுணர் நரம்புக்கு ஊசி போடுகிறார். இதில் இரண்டாவது கையில் "வலது" என்பது "இடது" ஆகிவிட்டால், அறுவை செய்பவரையும் சேர்த்து அதன் பிறகு வரும் ஆறு பேரும் அந்தத் தவறையே ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்வார்கள். ஆறு பேர் சரிபார்த்ததுபோலத் தோன்றும். உண்மையில் ஒரே காகிதம் ஆறு முறை படிக்கப்பட்டிருக்கும்.

1995இல் அமெரிக்காவின் டாம்பா நகரில் ஒரு நீரிழிவு நோயாளிக்குத் தவறான கால் வெட்டி எடுக்கப்பட்டது. அங்கே தியேட்டரின் கரும்பலகை, அன்றைய லிஸ்ட், மருத்துவமனைக் கணினி மூன்றுமே தவறான காலைத்தான் காட்டின. மருத்துவர் உள்ளே வரும்போது அந்தக் கால் ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டு, துணி போர்த்தித் தயாராக இருந்தது. கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் தவறைக் கண்டுபிடித்தபோது தசை வரை வெட்டியாகிவிட்டது. நோயாளியின் இரண்டு கால்களுமே சேதமடைந்திருந்ததால், பார்த்தவுடன் சந்தேகம் எழவும் வாய்ப்பில்லை. இது மிக முக்கியம். நோய் இரு பக்கமும் இருக்கும் இடத்தில் கண்ணை நம்ப முடியாது. மூட்டுத் தேய்மானம், கண்புரை, குடலிறக்கம் எல்லாமே இந்த வகைதான்.

எவ்வளவு அரிது என்று கேட்டால், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் பதிவுகளை வைத்து 2006இல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். 28 லட்சத்துக்கும் அதிகமான அறுவைகளில், முதுகெலும்பைச் சேர்க்காமல், 25 தவறான இட அறுவைகள் இருந்தன. ஏறக்குறைய 1,13,000க்கு ஒன்று. காப்பீட்டாளரிடம் வந்து சேர்ந்தவை மட்டுமே இந்தக் கணக்கில் உண்டு என்பதையும், முதுகெலும்பை விட்டுவிட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அதே ஆய்வில் முழு ஆவணங்களும் கிடைத்த 13 நிகழ்வுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சரிபார்ப்பு நடைமுறைகள் தடுத்திருக்கக்கூடியவை 8 மட்டுமே. மீதி ஐந்தும் அந்த நடைமுறைகளின் கைக்கு எட்டாதவை. தியேட்டரில் மட்டும் வாசல் காத்தால் போதாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அரிது என்பதே ஓர் ஆபத்து. ஒரு மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் போகலாம். அதனால் "நம்மிடம் நடக்காது" என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது.

இடமும் வலமும் எங்கே புரள்கின்றன? முதலாவது, எதிரே நிற்பவரின் வலது நோயாளியின் இடது. இரண்டாவது, நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தவுடன் அதுவரை மனதில் இருந்த படம் கவிழ்ந்துவிடும். மூன்றாவது, ஸ்கேன் படம். சி.டி. ஸ்கேனில் படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். காலடியில் நின்று பார்ப்பதுபோல அடுக்கப்படும் மரபு அது. பிலிமை விளக்குப் பெட்டியில் திருப்பிப் போட்டால் சிறுநீரகம் பக்கம் மாறிவிடும். கணினிப் படத்தில் பக்கக் குறியீடு கூடவே வரும். ஆனால் அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பும்போது, ஓரத்திலுள்ள அந்த எழுத்து வெட்டுப்பட்டுப் போகலாம். நான்காவது, சுருக்கெழுத்து. ஆங்கிலத்தில் "எல்" என்று மட்டும் எழுதினால் அது இடதா, இடுப்பு முதுகெலும்பா? "வலது", "இடது" என்பதை முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது.

இவற்றோடு இன்னொன்று சேர்கிறது: தயாரிப்பே சாட்சியாகிவிடுவது. முழங்கால் ஆர்த்ரோஸ்கோபியில் (சிறு துளை வழியே கேமராவை நுழைத்து மானிட்டரில் பார்த்துச் செய்யும் அறுவையில்) ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டையை ஒரு தொடையில் கட்டிவிட்டால், அறைக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் அதுதான் ஆபரேஷன் கால். மானிட்டரை எந்தப் பக்கம் வைத்தார்கள், எந்தக் காலுக்குச் சவரம் செய்தார்கள் என்பதும் அப்படியே. ஒருமுறை இந்த நம்பிக்கை விழுந்துவிட்டால், எதிரான தகவல் கண்ணெதிரே இருந்தாலும் மனம் அதை வாங்காது.

முதுகெலும்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சிக்கல் இடம் வலம் மட்டுமல்ல, எத்தனையாவது எலும்பு என்பதும்தான். 2008இல் வெளியான ஒரு கருத்தாய்வில் பதிலளித்த முதுகெலும்பு அறுவை நிபுணர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், தம் பணிக்காலத்தில் ஒருமுறையாவது தவறான மட்டத்தில், அதாவது வேறொரு எலும்பின் இடத்தில், அறுவை செய்திருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இடுப்புப் பகுதியில் பொதுவாக ஐந்து எலும்புகள். சிலருக்குக் கடைசி எலும்பு கீழே உள்ள திருவெலும்போடு ஒட்டி நான்காகத் தெரியும். சிலருக்குத் திருவெலும்பின் முதல் துண்டு பிரிந்து ஆறாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. அறிக்கை எழுதியவர் கழுத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணி, அறுவை செய்பவர் திருவெலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணினால், ஒரே எலும்புக்கு இரண்டு பெயர் வந்துவிடும். இருவர் எண்ணியதும் சரி, ஆனால் அறுவை தவறு.

இதற்கு வழி உண்டு. முதலில், அறுவை செய்பவர் அறிக்கையில் எழுதிய எண்ணை மட்டும் நம்பாமல் படத்தைத் தானே எண்ண வேண்டும். எங்கிருந்து எண்ணினார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். தியேட்டரில் எடுக்கும் எக்ஸ்ரேயிலும் அதே தொடக்கப் புள்ளி தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் அந்தப் படத்தால் பயன் இல்லை. தோலில் குத்திய ஊசி மட்டத்தைக் காட்டாது. தோலும் தசையும் நகரும், ஊசி சாய்ந்தும் போகும். எலும்பைத் திறந்த பிறகு, எலும்பிலேயே பிடித்த ஓர் உலோகக் கருவியோடு இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, அதை அறுவைக்கு முந்தைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மார்புப் பகுதியில், குறிப்பாகப் பருத்த உடலில், தோளும் கொழுப்பும் மறைத்து எண்ணுவது மிகக் கடினம். அப்படிப்பட்டவர்களுக்கு முந்தைய நாளே கதிரியக்கப் பிரிவில் சரியான எலும்பில் ஓர் உலோக அடையாளத்தைப் பதித்துவிடுவது உண்டு. படம் தெளிவாக இல்லை என்றால் இன்னொரு படம் எடுங்கள், கதிரியக்க நிபுணரை அழையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை.

விரல்களில் எண்ணே எதிரி. "இரண்டாவது விரல்" என்றால் கட்டைவிரலைச் சேர்த்தா, சேர்க்காமலா? அதனால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். பல்லில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எண் முறையே ஒன்றுக்கு மேல் இருக்கிறது. இரண்டு இலக்கச் சர்வதேச முறையில் 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்காவில் வழங்கும் 1 முதல் 32 வரையிலான முறையில் அதே 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். ஒரு மருத்துவர் எழுதிய பரிந்துரைச் சீட்டை இன்னொரு முறையில் பழகியவர் வாசித்தால், நல்ல பல் போய்விடும். பல் சீரமைப்புக்காகப் பல் பிடுங்கச் சொல்லும் சீட்டில் எண்ணோடு பல்லின் பெயரையும் எழுதி, எக்ஸ்ரே படத்திலோ வரைபடத்திலோ வட்டமிட்டு அனுப்புவதே முறை. ஏற்கெனவே ஒரு பல் இல்லாதவரிடம் வரிசையை எண்ணிப் போகக்கூடாது. பக்கத்துப் பல் நகர்ந்து அந்த இடத்தில் நிற்கலாம்.

கண்புரை அறுவையில் கண் மாறுவதோடு லென்ஸ் மாறுவதும் தவறான அறுவைதான். இரண்டு கண்களின் அளவும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்து நிரலில் அச்சாகி வரும். பார்வை அடுத்த நிரலுக்குத் தாவும். அல்லது முந்தைய நோயாளியின் தாள் மேஜையிலேயே கிடக்கும். லிஸ்டில் வரிசை மாறும் நாட்களில் இது அதிகம். லென்ஸின் மாடல் மாறினால் அதே கண்ணுக்கான பவரும் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் தாளும் லென்ஸ் பெட்டியும் மட்டுமே அறைக்குள் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் முன் பெயர், கண், மாடல், பவர் ஆகியவற்றை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளில் பார்த்துச் சொல்ல வேண்டும். செயற்கை மூட்டுக்கும் இதுவேதான்: தொடை எலும்பு முனையில் பொருத்தும் பாகம் பல மாடல்களில் இடது வலது என்று தனித்தனியாக வருகிறது.

தோல் புற்றுநோயில் வேறு வகைச் சிக்கல். பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்கான சதைத் துணுக்கு, எடுத்துச் சில வாரம் கழித்து வரும்போது சின்னக் காயம் ஆறி மறைந்திருக்கும். நோயாளி காட்டும் இடம் தவறாக இருக்கும். முதுகு என்றால் அவரால் பார்க்கவே முடியாது. பயாப்ஸி எடுக்கும் நாளிலேயே, காது அல்லது மூக்கு போன்ற அசையாத அடையாளம் தெரியும்படி ஒரு படம், அப்படிப்பட்ட இரண்டு மூன்று அடையாளங்களிலிருந்து மில்லிமீட்டரில் தூரம். இவ்வளவுதான் தேவை. இதைச் செய்யாமல் விட்டுப் பின்னால் தேடுவது வீண் வேலை.

நரம்பு மரத்துப்போக ஊசி போடும்போது பக்கம் மாறுவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதுவும் தவறான பக்கத்தில் செய்த சிகிச்சைதான், தியேட்டரில் முதலில் நடப்பதும் அதுதான். முதல் சரிபார்ப்புக்கும் ஊசிக்கும் நடுவே நேரம் போய்விடுகிறது. நோயாளியைத் திருப்புகிறார்கள், போர்வை குறியை மூடுகிறது, யாரோ பேச்சுக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் "ஊசிக்கு முன் நில்" என்ற பிரச்சாரமே இதற்காக நடந்தது. ஊசி முனை தோலைத் தொடுவதற்குச் சற்று முன், ஒப்புதல் படிவத்தையும் குறியையும் உதவியாளரோடு சேர்ந்து மறுபடி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் முன்பு பார்த்தது செல்லாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, குறி. 1994இல் கனடாவின் எலும்பு அறுவை சங்கமும், 1998இல் அமெரிக்க எலும்பு அறுவை அகாடமியும் இதை வலியுறுத்தத் தொடங்கின. 2004இல் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் இதை ஒரு பொது நெறியின் பகுதியாகக் கட்டாயமாக்கியது. எப்படிப் போட வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அறுவை செய்யப்போகிறவரே, அல்லது அறுவையில் உடன் நிற்கப்போகும் தகுதியுள்ளவர், குறியைப் போட வேண்டும். நோயாளி முழு விழிப்பில், மயக்கம் தரும் எந்த மருந்தும் கொடுக்கும் முன் போட வேண்டும். லிஸ்டைப் பார்த்துப் போட்ட குறி அந்த லிஸ்டின் நகல்தான். புறநோயாளிக் குறிப்பு, ஸ்கேன், ஒப்புதல் படிவம், நோயாளியின் வாய்ச்சொல் நான்கும் ஒத்துப்போன பிறகே பேனாவைத் திறக்க வேண்டும். பெருக்கல் குறி கூடாது. அதை ஒருவர் "இங்கே" என்றும் மற்றவர் "இங்கே வேண்டாம்" என்றும் படிப்பார். அம்புக்குறியும் தன் பெயரின் முதல் எழுத்துகளும் போதும். துணி போர்த்திய பிறகும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கணுக்காலில் போட்ட குறி இடுப்பு அறுவையில் துணிக்கு அடியில் போய்விடும். மை, ஆல்கஹால் கலந்த கிருமிநாசினிக்குத் தாங்க வேண்டும்; சாதாரணப் பேனா மை துடைத்தவுடன் போய்விடும். மை காயும் முன் நோயாளி காலை மடக்கிக் குறுக்கே போட்டுக்கொண்டால் மறுகாலில் கண்ணாடிப் பிம்பமாக அச்சு விழும், ஆகவே காயும்வரை காத்திருக்க வேண்டும். செய்யக்கூடாத பக்கத்தில் எதுவும் எழுதக்கூடாது. "இது அல்ல" என்று எழுதியதில் பாதி துணிக்குள் மறைந்தால் "இது" மட்டும் மிஞ்சும்.

குறி போட முடியாத இடங்கள் உண்டு: பல், வாயின் உட்புறம், குறைமாதக் குழந்தையின் தோல். குறைமாதக் குழந்தைக்கு மை நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். அங்கே வரைபடத்தில் குறித்துத் தியேட்டருக்குக் கொண்டுவர வேண்டும்.

குறி போதாது என்பதற்கு அடுத்த காரணம், யாரும் பார்க்காத குறி இருந்தும் இல்லாததுதான். அதற்காகத்தான் தோலைக் கீறும் முன் எல்லோரும் கையை நிறுத்தும் டைம் அவுட். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியலில் மூன்று கட்டம் உண்டு. மயக்கம் கொடுக்கும் முன் நோயாளி யார், எந்த இடம், என்ன அறுவை, ஒப்புதல், குறி. கீறும் முன் குழுவில் ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்லி, நோயாளி, அறுவை, இடம் மூன்றையும் உரக்க உறுதி செய்தல். கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டதா, தேவையான படங்கள் கண்முன் உள்ளனவா என்பதும் அப்போதுதான். நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என்ன அறுவை செய்தோம், பஞ்சும் ஊசியும் கருவியும் எண்ணிக்கையில் சரியா, எடுத்த சதையின் மீது பெயர் ஒட்டியாகிவிட்டதா. எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவில், இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் இதைக் கட்டாயமாக்கிய பின் எடுத்து 2014இல் வெளியிட்ட கணக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரண்டு முடிவுகளுமே உண்மை. முதல் ஆய்வில் குழுக்களுக்குப் பயிற்சி தந்து செய்ய வைத்தார்கள். உத்தரவு போட்டால் தாளில் டிக் விழும், அறை அமைதியாகாது.

கொலராடோவில் மருத்துவர்களே அளித்த தகவல்களை வைத்து 2010இல் வெளியான ஆய்வில் 107 தவறான இட நிகழ்வுகளும் 25 தவறான நோயாளி நிகழ்வுகளும் இருந்தன. தவறான இடத்தில் செய்தவற்றில் 72 விழுக்காட்டில் டைம் அவுட் நடக்கவே இல்லை. நடந்தும் தவறிய இடங்களில் காரணம் பெரும்பாலும் இவைதான்: மருத்துவர் இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டார்கள், குறி துணிக்குள் இருந்தது, லிஸ்டைப் பார்த்து வாசித்தார்கள், ஒப்புதல் படிவத்தைப் பார்த்து அல்ல, கேள்வியிலேயே பதில் இருந்தது. நம் மொழியில் இந்தக் கடைசிக் குறை மிக எளிதாக வந்துவிடும். "இடது முழங்கால்தானே?" என்று கேட்டால் எவரும் "ஆமாம்" என்பார்கள், தூக்கக் கலக்கத்தில் உள்ள நோயாளி உட்பட. "எந்தக் கால்? என்ன செய்யப்போகிறோம்? உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். "தானே"யை விட்டுவிட்டாலே பாதிப் பாதுகாப்பு.

சில தியேட்டர்களில், டைம் அவுட் முடியும்வரை கத்தித் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைக்கிறார்கள். முடிந்தது என்று எல்லோரும் சொன்ன பிறகே நர்ஸ் அதை எடுப்பார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. யாருடைய நினைவாற்றலையும் நம்பாமல், கத்தி கைக்கு வராதபடி செய்கிறது. நோயாளியின் நிலையை மாற்றினால், மருத்துவர் மாறினால், அதே மயக்கத்தில் இரண்டாவது அறுவை தொடங்கினால், டைம் அவுட்டை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். வார்டில் படுக்கையருகே மார்பில் குழாய் போடும்போதும் செய்ய வேண்டும். அவசரத்தில் அங்கேதான் அது விட்டுப்போகிறது. காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிப்போன பக்கத்தை விட்டு நல்ல பக்கத்தில் துளை போட்டால் இரண்டு நுரையீரலும் ஆபத்தில் விழும்.

பேசும் துணிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2000இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு முதியவரின் நல்ல சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். நோயுற்றது உள்ளேயே இருந்தது. அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவி ஒருவர் தவறான சிறுநீரகம் என்று சொன்னார். அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. நோயாளி சில வாரங்களில் இறந்தார். அந்த அறையில் அனுபவம் மிகக் குறைந்தவரிடம்தான் சரியான தகவல் இருந்தது. யார் சொன்னாலும் கை நிற்க வேண்டும், படத்தை மறுபடி பார்க்க வேண்டும், சொன்னது தவறாகவே இருந்தாலும் நன்றி சொல்ல வேண்டும். ஒருமுறை எரிந்து விழுந்தால் அந்த அறையில் அடுத்து எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே மருத்துவமனையில் 2007 ஓராண்டில் மூன்று முறை மூளை அறுவையில் பக்கம் மாறியது. 2009இல் இன்னொரு தவறான இட அறுவைக்குப் பிறகு, தியேட்டர்களில் கேமரா வைக்க அரசே உத்தரவிட்டது. தனி மனிதர்களை மாற்றுவதால் மட்டும் இது தீராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தவறு மேஜையிலேயே தெரிந்துவிட்டால் முதலில் கை நிற்க வேண்டும். ரத்தக்கசிவை அடக்கி, திறந்த இடத்தை இயன்றவரை பழைய நிலைக்குக் கொண்டுவந்து மூட வேண்டும். சரியான பக்கத்தில் அப்போதே செய்யலாமா என்பது உடல்நிலையைப் பொறுத்தது. நோயாளி விழித்திருந்தால் அவரிடம் கேட்காமல் தொடரக்கூடாது. பின்னர் அறுவை செய்தவரே, நோயாளி தெளிந்தவுடன், நேரில், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் பழைய வரிகளைத் திருத்துவது எல்லாவற்றையும் விடக் கொடிய தவறு. சேர்க்க ஏதாவது இருந்தால் இன்றைய தேதியும் நேரமும் போட்டுத் தனியாக எழுதலாம். கணினிப் பதிவில் யார் எப்போது எதை மாற்றினார் என்பது அழியாமல் இருக்கும். நீதிமன்றம் அதைக் கேட்டு வாங்கும்.

இப்போது சட்டம். நாட்டுக்கு நாடு நடைமுறை வேறு, ஆனால் பெரும்பாலான இடங்களில் அலட்சியத்துக்கு நான்கு கூறுகளை நிரூபிக்க வேண்டும்: மருத்துவருக்கு நோயாளி மீது கடமை இருந்தது, கடமை மீறப்பட்டது, அந்த மீறலால்தான் பாதிப்பு வந்தது, பாதிப்பு இவ்வளவு. வழக்கமான மருத்துவ வழக்கில் இரண்டாவது கூறுதான் போர்க்களம். 1957இல் இங்கிலாந்தில் வந்த போலம் தீர்ப்பின்படி, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பிரிவினர் ஏற்கும் முறையில் நடந்துகொண்டவர் அலட்சியக்காரர் அல்ல. ஆனால் நல்ல காலை வெட்டுவதை ஏற்கும் மருத்துவப் பிரிவு எதுவும் உலகில் இல்லை. அதனால் இங்கே "விஷயமே தனக்காகப் பேசும்" என்ற பழைய கோட்பாடு பொருந்துகிறது. லத்தீனில் ரெஸ் இப்சா லோக்விட்டர். 1863இல் இங்கிலாந்தில், மாடியிலிருந்து மாவு பீப்பாய் விழுந்து தெருவில் போனவர் காயப்பட்ட வழக்கில் இது நிலைபெற்றது. எப்படி விழுந்தது என்று காயப்பட்டவர் விளக்க வேண்டியதில்லை. அதுபோல நோயாளியும் தான் மயக்கத்தில் இருந்தபோது நடந்ததை விளக்க வேண்டியதில்லை. விளக்கும் பொறுப்பு மறுபக்கம் போகிறது. ஒப்புதல் தராத உறுப்பில் கத்தி வைத்தது அனுமதியின்றி உடலைத் தொட்ட குற்றமாகவும் தனியாக வாதிடப்படலாம்.

இதனால் வழக்கு எளிது என்று எண்ணிவிட வேண்டாம். சண்டை மூன்றாவது, நான்காவது கூறுகளுக்கு நகர்ந்துவிடும். தவறாகத் திறந்த முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் இருந்தது, எப்படியும் அறுவை வேண்டியிருக்கும் என்று வாதிடுவார்கள். வேல்ஸ் நிகழ்வில் மருத்துவர்கள் மீது மரணத்துக்குக் காரணமானதாகத் தொடுத்த குற்ற வழக்கு 2002இல் நிற்கவில்லை. சிறுநீரகம் எடுத்ததால்தான் இறந்தார் என்பதை ஐயமின்றி நிறுவ முடியாததால் நீதிபதி அவர்களை விடுவித்தார். மருத்துவக் கவுன்சில் பின்னர் இடைநீக்கம் செய்தது. டாம்பா நிகழ்வில் மருத்துவமனை 9,00,000 டாலரும் மருத்துவர் 2,50,000 டாலரும் இழப்பீடு தந்தார்கள். மருத்துவரின் உரிமம் ஆறு மாதம் நிறுத்தப்பட்டது. முதுகெலும்பு மட்டம் மாறிய வழக்குகளில், உடலமைப்பு வேறுபாடும் எடுத்த எக்ஸ்ரேக்களும் பதிவில் இருந்தால் மருத்துவர் தரப்பு வலுவாகவே நிற்கும். நரம்பு ஊசி, லிஸ்ட் தயாரிப்பு, நர்ஸின் பணி என்று பொறுப்பு பங்கிடப்படுவதால், அறுவை செய்தவரோடு மருத்துவமனையையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம்.

நோயாளியாகப் போகிறவர் செய்ய வேண்டியது இது. ஒப்புதல் படிவத்தில் உறுப்பும் பக்கமும் முழுச் சொல்லில் இருக்கிறதா என்று வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். கைப்பட்டையில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சரியா பாருங்கள். வேறு பெயரால் அழைத்தால் மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். குறி போடாமல் தூக்க மருந்தை ஏற்காதீர்கள். யார் கேட்டாலும், பத்தாவது முறை கேட்டாலும், "ஆமாம்" என்று முடிக்காமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "என் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, அதைச் சரிசெய்யப் போகிறீர்கள்." காது மந்தமானவர், மொழி தெரியாதவர், குழந்தை என்றால் மயக்கம் கொடுக்கும் நேரம்வரை வீட்டார் ஒருவர் கூடவே இருக்க அனுமதி கேளுங்கள். ஸ்கேன் பிலிமைக் கையோடு கொண்டுபோங்கள், கைபேசிப் படத்தை நம்பாதீர்கள்.

நடந்துவிட்டால், என்ன செய்யப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் படிவம், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்து அட்டவணை, சரிபார்ப்புப் பட்டியல், நர்ஸ் குறிப்பு, அன்றைய லிஸ்டில் உங்கள் வரி, எல்லாப் படங்களும், பொருத்திய பாகத்தின் ஒட்டுச்சீட்டு ஆகியவற்றின் நகலை உடனே கோருங்கள். தழும்பைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். வேலை இழந்த நாட்கள், செலவு, வலி எல்லாவற்றையும் அன்றன்று குறித்துவையுங்கள். சரியான பக்கத்துக்கான இரண்டாவது அறுவைக்கு முன், தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடம் போய்க் கருத்துக் கேளுங்கள். முதல் அறுவையின் பாதிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவருடைய குறிப்பு ஒன்றே பின்னாளில் சாட்சியாக நிற்கும். அதற்குள் "முழுத் தீர்வு" என்று எதையாவது நீட்டினால் வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். வழக்குத் தொடுக்கக் காலக்கெடு உண்டு. அது பெரும்பாலும் அறுவை நாளிலிருந்தோ, தவறு தெரியவந்த நாளிலிருந்தோ ஓடத் தொடங்கும். எந்த நாள் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.